ஸ்லைடு: வாங்குவதும் வைத்துக் காப்பதும்

கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் அரளி இலையின் குறுக்குவெட்டை மறந்திருக்க மாட்டார்கள். இலையின் அடிப்புறத்தில் வரிசையாகக் குழிகள். குழிக்குள் அடர்ந்த மயிர்கள். மயிர்களுக்குள் ஒளிந்தபடி இலைத்துளைகள். வறண்ட நிலத்தில் நீரை இழந்துவிடாமலிருக்க அந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. இதே இலையின் ஸ்லைடை இரண்டு கடைகளில் வாங்கிப் பாருங்கள். ஒன்றில் குழியும் மயிரும் துளையைக் காக்கும் செல்களும் தனித்தனியே தெரியும். இன்னொன்றில் சிவப்பும் பச்சையுமாக ஏதோ கலங்கிக் கிடக்கும். குழி இருக்க வேண்டிய இடத்தில் கிழிசல் இருக்கும். இரண்டின் சீட்டிலும் எழுதியிருப்பது ஒன்றுதான்: ‘நீரியம் இலை, டி.எஸ்.’ விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எந்த உறுப்பு, எந்தத் திசையில் வெட்டு, எவ்வளவு கனம், என்ன சாயம், எந்தப் பிசின் என்று ஸ்லைடு செய்தவர் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்தக் கண்ணாடியில் பதிவாகியிருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு நல்ல ஸ்லைடைப் பொறுக்குவது எளிது. பல வருடம் கெடாமல் வைத்துக்கொள்ளவும் அதே அறிவுதான் வேண்டும். ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு பிசினும் கெடும் விதம் வேறு வேறு.

எனவே, செய்யும் முறையிலிருந்து தொடங்குவோம். இலையோ ஈரலோ, முதலில் அதை அழுகவிடாமல் நிறுத்த வேண்டும். ஃபார்மலின் திசுவின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, உயிரோடிருந்தபோது இருந்த அமைப்பைக் கிட்டத்தட்ட அப்படியே இறுக்கிவிடுகிறது. பிறகு படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் ஊறவைத்து நீரை வெளியேற்றுவார்கள். ஆல்கஹாலும் மெழுகும் கலக்காது என்பதால் நடுவில் சைலீன். அதன்பின் உருகிய பாரஃபின் மெழுகு திசுவுக்குள் புகுந்து உறையும். மெழுகுக் கட்டியை மைக்ரோடோமில் பூட்டிச் சீவினால் நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவல் வரும். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடியில் ஏந்தி, மெழுகைக் கரைத்து, சாயமேற்றி, மறுபடி நீர் நீக்கி, ஒரு சொட்டுப் பிசினிட்டுக் கவர்ஸ்லிப்பால் மூடினால் ஸ்லைடு தயார். பள்ளிகளுக்கு வரும் தாவர ஸ்லைடுகளில் பல, மைக்ரோடோம் இல்லாமல் பிளேடால் கையால் சீவியவை. கை தேர்ந்தவர் சீவியது என்றால் அதில் குறையொன்றும் இல்லை.

இந்த வரிசையில் எங்கே அவசரப்பட்டாலும் அதன் தடம் கண்ணாடியில் இருக்கும். நீர் முழுதும் போகாத ஸ்லைடு வெண்மை பூத்து மங்கும். மைக்ரோடோம் கத்தியின் விளிம்பில் சிறு பிசிறு இருந்தால் சீவலின் குறுக்கே நேர்கோடாக ஒரு கீறல் ஓடும். நீரில் சரியாக விரியாத சீவல் மடிந்துகொள்ளும். இரட்டைக் கனமுள்ள அந்த மடிப்பு மட்டும் கருத்துத் தெரியும். முதல் நாள் ஆய்வக வகுப்பில் மாணவர்கள் ‘இது என்ன உறுப்பு’ என்று கேட்பது பெரும்பாலும் இந்த மடிப்பையோ காற்றுக் குமிழியையோ காட்டித்தான்.

பிசின் ஏன் வேண்டும் என்பது ஒளியியல் சங்கதி. வெறும் காற்றில் வைத்தால் சீவல் வெளிறி, ஒளி புகாமல் இருக்கும். ஒளி ஒவ்வொரு செல்சுவரிலும் காற்றிலிருந்து திசுவுக்கும் திசுவிலிருந்து காற்றுக்கும் மாறும்போது சிதறுவதே காரணம். காற்றின் ஒளிவிலகல் எண் 1. கண்ணாடியுடையது ஏறத்தாழ 1.52. நீர் நீக்கிய திசுவும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இடுக்குகளை எல்லாம் அதே அளவு எண்ணுள்ள ஒரு பொருளால் நிரப்பிவிட்டால் சிதறல் அடங்கிவிடும். வட அமெரிக்காவின் பால்சம் ஃபிர் மரத்திலிருந்து எடுக்கும் கனடா பால்சத்துக்கு அந்த எண் சுமார் 1.53. 19ஆம் நூற்றாண்டு ஸ்லைடுகளை ஆண்டது இந்த மரப்பிசின்தான். 1939இல் கிர்க்பாட்ரிக், லெண்ட்ரம் என்ற இருவர் டி.பி.எக்ஸ். எனும் செயற்கைப் பிசினை அறிமுகப்படுத்தினார்கள். பால்சம் வயதாக ஆக மஞ்சளாகும், அமிலத்தன்மை ஏறும். டி.பி.எக்ஸ். நிறம் மாறாது; ஆனால் காயும்போது சுருங்கும். கவர்ஸ்லிப்பின் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காற்று விரல்விரலாக நுழைந்திருந்தால், பிசினைக் குறைவாக இட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த விரல்கள் வருடத்துக்கு வருடம் நீளும். கடையில் பார்த்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிதறல் அடங்கியதும் இன்னொரு சிக்கல் வருகிறது: எல்லாமே ஒரே மாதிரி ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும், செல் எது, சுவர் எது என்று தெரியாது. சாயம் வருவது இங்கேதான். விலங்குத் திசுவுக்கு ஹெமடாக்சிலினும் இயோசினும் ஜோடி. மெக்சிகோவின் காம்பெச்சே பகுதி மரம் ஒன்றின் வைரத்திலிருந்து கிடைக்கும் ஹெமடாக்சிலின், உட்கருவை நீல ஊதாவாக்கும். இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். தாவரத்துக்கு சாஃப்ரனினும் ஃபாஸ்ட் கிரீனும். லிக்னின் ஏறிய சைலம் சிவக்கும், செல்லுலோஸ் சுவர்கள் பச்சையாகும். இரத்தத்துக்கு லீஷ்மன் அல்லது ஜீம்சா. ஒரு தண்டின் ஸ்லைடில் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சிவப்பு என்றால், சாயத்தை ஏற்றியவர் அதைச் சரியாகக் கழுவவில்லை. இரண்டு நிறமும் அததன் இடத்தில் நிற்பதுதான் தேர்ந்த கையின் அடையாளம்.

பிசின், சாயம் பற்றிய இந்தக் கணக்குக்கு டயட்டம் விலக்கு. அந்த நுண்பாசியின் ஓடு சிலிகா. ஒளிவிலகல் எண் 1.43ஐ ஒட்டியது. பால்சத்தில் பதித்தால் ஓட்டின் வரிகள் மங்கிப்போகும். அதனால் 1.7ஐ ஒட்டிய எண்ணுள்ள தனிப் பிசினில் பதிப்பார்கள். சாயமே இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் எழுந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் வேடல் ஊரைச் சேர்ந்த யோஹான் டீட்ரிஷ் மோல்லர், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட டயட்டம்களைக் கையால் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி ஒரே ஸ்லைடில் அடக்கினார். அதைப் போன்றவை இன்று சேகரிப்பாளர்களின் சொத்து. படிப்பதற்கு, கண்டபடி தூவிப் பதித்த சாதாரண டயட்டம் ஸ்லைடே போதும். பிசின் மட்டும் சரியானதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி வெட்டுத் திசை. சீட்டில் டி.எஸ். என்றால் குறுக்குவெட்டு, எல்.எஸ். என்றால் நெடுக்குவெட்டு, டபிள்யூ.எம். என்றால் முழு உயிரியையோ உறுப்பையோ வெட்டாமல் பதித்தது. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கினால் தெரிவதும் நீளவாக்கில் பிளந்தால் தெரிவதும் ஒன்றா? தண்டு ஒன்றுதான், ஆனால் ஒன்றை மட்டும் பார்த்தவர் இன்னொன்றை ஊகிக்க முடியாது. பூசணித் தண்டின் குறுக்குவெட்டில் சல்லடைத் தட்டு துளைகளோடு தட்டையாகத் தெரியும்; நெடுக்குவெட்டில்தான் அது ஒரு குழாயின் நடுவே போட்ட தடுப்பு என்பது புரியும். சிறுநீரகச் சீவலில் வட்டவட்டமாகத் தெரிபவை, நெளிந்தோடும் நுண்குழாய்களை வழியில் வெட்டிய இடங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் பத்து வெவ்வேறு தண்டுகளின் டி.எஸ். வாங்குவதைவிட ஐந்து தண்டுகளின் டி.எஸ்., எல்.எஸ். ஜோடிகளை வாங்கச் சொல்வேன்.

கனம் குறைந்தால் நல்லது என்பது பொதுவிதி. எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 1873இல் காமில்லோ கோல்ஜி கண்ட வெள்ளிச் சாய முறையில் ஒரு நரம்பு செல் கிளைகளோடு முழுதாகக் கருக்கும். அந்தக் கிளைகளைப் பின்தொடர வேண்டுமென்றால் சீவல் நூறு மைக்ரான் அளவுக்குத் தடித்திருக்க வேண்டும். நாலு மைக்ரான் சீவலில் கிளைகள் வெறும் புள்ளிகளாக அறுபட்டுவிடும். மற்றபடி ஈரல், குடல், சிறுநீரகம் போன்றவற்றுக்கு மெல்லிய சீவலே வேண்டும். 40 மடங்கு லென்ஸில் குவியத் திருகை மெல்லத் திருப்புங்கள். ஒரு செல் மறைந்து அதற்கடியில் வேறொரு செல் எழுந்து வந்தால் சீவல் தடிமன். ஒரே செல்லின் உட்கருவுக்குள் நுணுக்கங்கள் மாறி மாறித் தெளிந்தால் சரியான கனம்.

கடையில் நுண்ணோக்கி வைத்துச் சோதிக்க விடுவார்களா என்று கேட்கலாம். விடாவிட்டாலும் பாதி வேலையை வெள்ளைத்தாளும் கை லென்ஸும் செய்யும். ஸ்லைடைத் தாளின்மேல் பிடித்தால் சீவல் கவர்ஸ்லிப்பின் நடுவில் இருக்கிறதா, முழுதாக இருக்கிறதா, குமிழியோ தூசோ சிக்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சீவலே கண்ணுக்குத் தெரியாவிட்டால், நுண்ணோக்கியடியிலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இரத்தப் பூச்சு என்றால் ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து மறைய வேண்டும். அந்த மெலிந்த முனைக்குச் சற்று முன்னேதான் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகக் கிடக்கும். முழுதும் ஒரே தடிப்பாகப் பூசிய இரத்தத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

கவர்ஸ்லிப்பின் கனத்தை வாங்குவோர் யாரும் கேட்பதில்லை. உங்கள் லென்ஸின் உடலில் 160/0.17 என்றோ அதுபோன்றோ பொறித்திருப்பதைப் பாருங்கள். இரண்டாவது எண்தான் விஷயம்: அந்த லென்ஸ் 0.17 மி.மீ. கனமுள்ள கவர்ஸ்லிப்பின் வழியே பார்ப்பதற்காகக் கணக்கிட்டுச் செய்தது. 4 மடங்கு, 10 மடங்கு லென்ஸ்கள் இதைப் பொருட்படுத்தாது. 40 மடங்கில் கனம் மாறினால் படத்தின் விளிம்புகள் குழையும். என்ன திருகினாலும் கூர்மை வராது. கவர்ஸ்லிப் சரியான கனத்தில் இருந்தாலும் அதற்கடியில் பிசின் மேடாக நின்றால் விளைவு அதேதான். நல்ல லென்ஸ் வாங்கியும் தெளிவில்லை என்று புலம்புகிறவர்கள் லென்ஸைத் திட்டுவதற்கு முன் ஸ்லைடை மாற்றிப் பார்க்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஸ்லைடு தலைகீழாக இருப்பது. சிறுபிள்ளைத்தனமான தப்புதான், ஆனால் எல்லா ஆய்வகத்திலும் நடக்கிறது. குறைந்த மடங்கில் படம் வந்துவிடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 40 மடங்குக்கு மாற்றியதும் படம் கிடைக்காது. அந்த லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவே இடம். தலைகீழாக வைத்த ஸ்லைடிலோ நடுவே ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி நிற்கிறது. மாணவர் இன்னும் கீழே இறக்குவார். லென்ஸ் கண்ணாடியில் முட்டும். சீட்டு மேல்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

எதை வாங்குவது? நூறு ஸ்லைடு ஒரே பெட்டியில் என்று வரும் மலிவுத் தொகுப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பாதி, ஈ இறக்கையும் பறவை இறகுமாக நீங்களே ஞாயிற்றுக்கிழமை செய்துவிடக்கூடியவை. குழந்தைகளுக்கான பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் ஸ்லைடுகள் எளிதில் கீறும், சமதளமாக இரா. நம் நாட்டில் ஆய்வகக் கருவிகளும் ஸ்லைடுகளும் ஏராளமாகத் தயாராகும் இடம் ஹரியானாவின் அம்பாலா. அங்கிருந்து வருபவற்றிலேயே அருமையானவையும் உண்டு, தள்ளவேண்டியவையும் உண்டு. ஊரையோ பெட்டியையோ பார்த்து முடிவு செய்யாமல் ஸ்லைடு ஸ்லைடாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வாங்க வேண்டியது மனித இரத்தப் பூச்சு. சிவப்பணுவின் விட்டம் ஏழு, எட்டு மைக்ரான். அது ஒரு அளவுகோல். மற்ற ஸ்லைடுகளில் பார்ப்பவை எவ்வளவு பெரியவை என்பதை அதை வைத்தே மதிப்பிடலாம். பக்கத்தில் தவளை இரத்தம்: செல் நீள்வட்டம், நடுவே உட்கரு. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை என்று நூறு தடவை படிப்பதும், இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதும் ஒன்றாகாது. வெங்காய வேர்நுனி வாங்கினால், செல் பிரிதலின் எல்லா நிலைகளும் அந்த ஒரே ஸ்லைடில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல ஸ்லைடுகளில் பிரியாத செல்களே நிறைந்திருக்கும். ஆல் இலையின் வெட்டில், பெரிய செல் ஒன்றுக்குள் காம்பிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கட்டி தெரிய வேண்டும். அது சிக்காத சீவலை ஆல் இலை என்று சொல்லி விற்பதில் பயனில்லை. பாக்டீரியாவின் மூன்று வடிவங்கள் என்று வரும் ஸ்லைடை எண்ணெயில் தோய்த்துப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

வாங்கியதும் பெட்டி. ஸ்லைடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் முழுதாகக் காயாத பிசின் ஒட்டிக்கொள்ளும். காடி வெட்டிய பெட்டியில் ஒவ்வொன்றும் தனியே நிற்கும். அந்தப் பெட்டியை மேசையில் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகத்தைச் செருகுவதுபோல் நிமிர்த்தி வைத்தால் உள்ளே ஸ்லைடுகள் படுத்துக்கொள்ளும். கவர்ஸ்லிப் வருடக்கணக்கில் மெல்ல வழுகி இறங்காது. பிசினுக்குப் பதில் கிளிசரின் ஜெல்லியில் பதித்தவற்றுக்கு இது மிக அவசியம். அந்த ஜெல்லி ஒருபோதும் பாறையாக இறுகுவதில்லை. சென்னை போன்ற கடலோர ஊரில் அதிலுள்ள ஜெலட்டினை விரும்பிப் பூஞ்சையும் வரும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்திப் போடலாம். பாச்சை உருண்டை போடும் பழக்கம் வேண்டாம். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பெட்டிகளை இளக்கிவிடும்.

ஒளி சாயத்தின் எதிரி. இயோசின் முதலில் வெளிறும். மெத்திலீன் நீலமும் தாங்காது. ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் அழகாக அடுக்கிய ஸ்லைடுகள் சில வருடங்களில் வெறும் கண்ணாடியாகிவிடும். நுண்ணோக்கி விளக்கின் அடியில் ஸ்லைடை மறந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவதும் அதே ரகம். அமிலம் ஏறிய பழைய பால்சம் இருட்டிலும் இரத்தப் பூச்சின் நிறத்தைத் தின்னும்; அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை.

துடைப்பதில் ஒரே விதி, பிசினைக் கரைப்பது எதுவும் கூடாது. டி.பி.எக்ஸ்., பால்சம் ஸ்லைடுகளை 70 சதவீத ஆல்கஹால் லேசாகத் தொட்ட லென்ஸ் தாளால் துடைக்கலாம், சைலீன் கூடாது. ஓரத்தில் அரக்கு வளையம் கட்டிய பழைய ஸ்லைடுகளில் ஆல்கஹாலே கூடாது, அரக்கு கரையும். கிளிசரின் ஜெல்லிக்கு நீர் ஆகாது. 100 மடங்கு லென்ஸுக்காக இட்ட எண்ணெயை அன்றே ஒற்றி எடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஸ்லைடு சாவதற்குச் சாயமோ பிசினோ காரணமாக இல்லாமல் போகலாம். சீட்டு உதிர்ந்துபோனால் போதும். 2011இல் ஹவர்ட் ஃபால்கன்-லாங் என்ற தொல்தாவரவியலாளர், நாட்டிங்ஹாம் அருகே கீவொர்த்தில் உள்ள பிரிட்டிஷ் புவியியல் ஆய்வுத்துறையில் ‘பதிவு செய்யாத தொல்லுயிர்த் தாவரங்கள்’ என்று குறித்திருந்த இழுப்பறைகளைத் திறந்தார். உள்ளே கல்லாகிப்போன மரங்களின் மெல்லிய வெட்டுகள், 314 ஸ்லைடுகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், அதில் சி. டார்வின் என்ற பெயர். 1834இல், பீகிள் பயணத்தின்போது சிலியின் சிலோயே தீவில் டார்வின் எடுத்த மரத்துண்டு அது. டார்வினின் நண்பர் ஜோசஃப் ஹூக்கர் 1846இல் அந்தத் துறையில் சிறிது காலம் வேலை பார்த்தபோது இவற்றைத் தொகுத்திருந்தார். முறையான பதிவேடு தொடங்குவதற்குள் அவர் இமயமலைக்குப் புறப்பட்டுவிட்டார். எண் இடாத ஸ்லைடுகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. கண்ணாடியிலிருந்த அந்தப் பெயர்தான் அவற்றை மீட்டது. அதுவும் போயிருந்தால் அவை வெறும் பழைய கல்சீவல்கள்.

ஆகவே சீட்டில் உயிரியின் பெயர், உறுப்பு, வெட்டுத் திசை, சாயம், பிசின், தேதி, எங்கே எடுத்தது என்பவை இருக்கட்டும். கடைக்காரர் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் முதல் மூன்றுதான் இருக்கும். சாயத்தையும் பிசினையும் கேட்டு நாமே எழுதிக்கொள்ள வேண்டும், பின்னால் துடைப்பதும் பழுது பார்ப்பதும் அதை நம்பித்தான். பால்பாயிண்ட் மை வெளிறும், மார்க்கர் மை ஆல்கஹாலில் கரையும். சொரசொரப்பாக்கிய கண்ணாடி முனையில் பென்சிலால் எழுதுவது பல தலைமுறைக்கு நிற்கும். வைரமுனைப் பேனாவால் ஒரு எண்ணைக் கண்ணாடியிலேயே கீறி, மற்ற விவரங்களை நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக எழுதுவது இன்னும் பத்திரம்; காகிதத்தையும் பசையையும் தின்னும் வெள்ளிப்பூச்சி அதை ஒன்றும் செய்ய முடியாது.

நிறம் போன ஸ்லைடைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். கண்டென்சரின் ஐரிஸைச் சுருக்கினால் செல்சுவர்கள் மறுபடி கோடு கட்டும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதியுள்ள நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஹெமடாக்சிலின், இயோசின் ஏற்றியவற்றைக் கவர்ஸ்லிப் கழற்றி மறுபடி சாயமேற்றலாம். நோய்க்குறியியல் ஆய்வகங்களில் பழைய ஸ்லைடுகளுக்கு இதைச் செய்வது வழக்கம். கவர்ஸ்லிப் மட்டும் உடைந்த ஸ்லைடுக்கும் இதே வழிதான். கவர்ஸ்லிப்பைக் கழற்றச் சைலீன் வேண்டும்; அதன் ஆவி உடம்புக்கு ஆகாது, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். எனவே இது வீட்டு வேலை அல்ல, ஆவியை வெளியேற்றும் வசதியுள்ள ஆய்வகத்தில் செய்ய வேண்டியது. ஸ்லைடைச் சைலீனில் மூழ்கவைத்து, கவர்ஸ்லிப் தானாக நழுவும்வரை விட்டுவிட வேண்டும். டி.பி.எக்ஸ். ஸ்லைடுகளுக்கு ஓரிரு நாள் போதும். பழைய பால்சம் வாரக்கணக்கில் பிடிவாதம் பிடிக்கும். பொறுக்காமல் பிளேடால் நெம்பினால், சீவலும் கவர்ஸ்லிப்போடு பெயர்ந்து வந்துவிடும்.